திரை சொல்லித் தரும். திருத்தித் தருவது யார்?

வேற்று மொழி ஒன்றைக் கற்கப் புறப்படுகிறவனிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "எதற்காகக் கற்கிறாய்?" என்பதுதான். அழகுக்காகவா? ஆராய்ச்சிக்காகவா? அல்லது அந்த மொழியைப் பேசும் மக்கள் நடுவே ஐந்தாறு ஆண்டுக் காலம் உண்டு, உறங்கி, படித்துப் பட்டம் பெறுவதற்காகவா? பதில் எதுவோ, அதற்கேற்றபடி பாடமும் மாறும்; பாடம் சொல்லும் முறையும் மாறும். இந்த எளிய உண்மையை ஒதுக்கி வைத்துவிட்டு, "இணையத்தில் கற்பதா, வகுப்பில் கற்பதா?" என்று பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருக்கிறார்கள், ருஷ்ய மொழியைப் பிற நாட்டாருக்குக் கற்பிக்கும் துறையிலே.

பட்டிமன்றத்தின் முடிவாக ஒரு தீர்ப்பும் வந்திருக்கிறது: இரண்டையும் கலந்துகொள்வோம். அதற்குக் கலப்பு முறை என்று பெயரும் சூட்டியாகிவிட்டது. பாதிப் பாடம் கணினித் திரையில், பாதிப் பாடம் ஆசிரியர் எதிரில். நல்ல தீர்ப்புத்தான், மறுக்கவில்லை. ஆனால் கலப்பு என்ற சொல்லைக் கேட்டதும் நம் வீட்டுத் தாய்மார்கள் என்ன கேட்பார்கள்? "எதில் எதை, எவ்வளவு?" என்று கேட்பார்கள். பாலில் சர்க்கரை கலப்பதும் கலப்புத்தான். பாலில் தண்ணீர் கலப்பதும் கலப்புத்தான். முன்னது குடிப்பவருக்காக. பின்னது விற்பவருக்காக. ருஷ்ய மொழிப் பாடத்திலே நடப்பது எந்தக் கலப்பு? இதுவே நம் கேள்வி.

நோய் எந்த மொழியில் பேசுகிறது?

கேள்வியின் கனம் புரியவேண்டுமானால், யார் இந்த மொழியைக் கற்கிறார்கள் என்று பார்க்கவேண்டும். ருஷ்ய அரசு 2023 முதல் ஆண்டுக்கு 30,000 வெளிநாட்டு மாணவர்களுக்குத் தன் செலவில் இடம் தருகிறது. மொழி தெரியாமல் வருவோருக்கு முதல் ஓராண்டு ஆயத்த வகுப்பு உண்டு. செப்டம்பரில் எழுத்துக்கூட்டத் தொடங்குகிறவன், அடுத்த கோடையில் தேர்வெழுதி, அதற்கடுத்த செப்டம்பரில் ருஷ்ய மாணவர்களோடு ஒரே மன்றத்தில் உட்கார்ந்து பௌதிகமோ பொருளாதாரமோ கேட்டாக வேண்டும். ஓராண்டுதான்! நாம் பள்ளியில் பத்தாண்டு ஆங்கிலம் படித்துவிட்டு ஆங்கில விரிவுரை கேட்கத் திணறுகிறோமே, அதை எண்ணிப் பார்த்தால் அந்த ஓராண்டின் வேகம் விளங்கும்.

இவர்களைத் தவிர, தம் சொந்தப் பணத்தில் போகிறவர்கள் உண்டு. அவர்களிலே நம் தமிழகத்துப் பிள்ளைகளும் உண்டு. மருத்துவம் படிக்க இங்கே இடமில்லாமல், அல்லது இங்குள்ள தனியார் கல்லூரிக் கட்டணத்தைத் தாங்க மாட்டாமல், ருஷ்ய நகரங்களுக்குப் பயணமாகிறார்கள். "ஆங்கிலத்தில்தானே பாடம்! ருஷ்ய மொழி எதற்கு?" என்ற துணிவோடு போகிறார்கள். பாடம் ஆங்கிலத்தில்தான். பாடப்புத்தகமும் ஆங்கிலத்தில்தான். ஆனால் மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருக்கும் மூதாட்டி ஆங்கிலத்திலா பேசுவாள்? நெஞ்சிலே வலி வந்த ஆலைத் தொழிலாளி, அகராதியைப் புரட்டிப் பார்த்துவிட்டா முனகுவான்?

இந்திய தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பரில் வெளியிட்ட விதிகளைப் பாருங்கள். வெளிநாட்டுப் படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்கவேண்டும், ஆங்கிலத்தில் இருக்கவேண்டும், அதற்குமேல் 12 மாதப் பயிற்சி மருத்துவப் பணியையும் அதே வெளிநாட்டு நிறுவனத்திலேயே முடிக்கவேண்டும். ஒருபக்கம் ஆங்கிலம் கட்டாயம். மறுபக்கம் ஓராண்டு முழுவதும் ருஷ்ய நோயாளிகளின் நடுவே பணி! விதி எழுதியவர்கள் ருஷ்ய மொழி என்று ஒரு சொல்கூட எழுதவில்லை. ஆனால் அந்தப் பன்னிரண்டு மாதமும் ருஷ்ய மொழியில்தான் நடக்கும். மொழி அங்கே அணிகலன் அல்ல, இதயத்துடிப்பு கேட்கும் குழாயைப் போல ஒரு கருவி.

வலியைச் சொல்லும் சொற்களையே எடுத்துக்கொள்வோம். தமிழ் நோயாளி "வலிக்கிறது" என்று மட்டுமா சொல்கிறார்? குத்துகிறது என்பார், எரிகிறது என்பார், குடைகிறது என்பார், விண்விண் என்று தெறிக்கிறது என்பார். ருஷ்ய நோயாளியும் அப்படியே. "கோலெத்" என்றால் குத்துகிறது. "ஜ்ஜோத்" என்றால் எரிகிறது. "நோயெத்" என்றால் விடாமல் மெல்ல நோகிறது. கடைசிச் சொல் தமிழ் போலவே காதில் விழுவது தற்செயல்தான். ஆனால் குத்தலையும் எரிச்சலையும் பிரித்தறிவது தற்செயலுக்கு விடக்கூடியதா? நெஞ்செரிச்சலுக்கும் நெஞ்சு வலிக்கும் வேறுபாடு தெரியாத மருத்துவரிடம் நம் தாயை ஒப்படைப்போமா? ஒப்படைக்க மாட்டோம் அல்லவா? ருஷ்யத் தாயும் நம் தாய் போலத்தான்.

இயந்திரம் இன்று வந்த விருந்தாளி அல்ல

இனி, இயந்திரத்தின் பக்கம் வருவோம். பாடம் சொல்லித் தரும் இயந்திரம் ஏதோ நேற்றுப் பிறந்த புதுமை என்று எண்ணுவோர் பலர். அல்ல. 1960 பிப்ரவரியில் மாஸ்கோவில் மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. மறு ஆண்டே, காங்கோ நாட்டின் கொலையுண்ட தலைவர் லுமும்பாவின் பெயரை அது தாங்கியது. 1992-இல் அப்பெயர் நீக்கப்பட்டு, 2023-இல் மீண்டும் சூட்டப்பட்டது. ஆசியா, ஆப்பிரிக்கா, இலத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்த இளைஞர்களுக்கு முதலில் மொழி கற்பிக்க அங்கே ஆயத்த வகுப்பு நடந்தது. அந்தக் காலத்து ஆசிரியர்களும் ஒலித்தட்டையும் ஒலிப்பதிவு நாடாவையும் பயன்படுத்தினார்கள். காதுக்கருவி மாட்டிக்கொண்டு, கேட்டதைத் திரும்பச் சொல்லும் மொழிக்கூடங்கள் அன்றே உண்டு.

1966-இல் தொடங்கிய புஷ்கின் ருஷ்ய மொழிக் கழகம் மாஸ்கோவில் இத்துறைக்கெனவே அமைந்தது. மறு ஆண்டு, 1967-இல், ருஷ்ய மொழி ஆசிரியர்களின் அனைத்துலகச் சங்கம் பாரிஸ் நகரிலே உருவாயிற்று. நம் நாட்டிலும் 1965-இல் டில்லியில் ருஷ்ய மொழிக்கென ஒரு கழகம் எழுந்து, பின்னர் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. புஷ்கின் கழகத்தை நெடுங்காலம் நடத்திய விதாலி கொஸ்தமாரவ் என்ற அறிஞர் முன்னின்று உருவாக்கிய "அனைவர்க்கும் ருஷ்ய மொழி" என்ற பாடநூல், ஒலித்தட்டுகளோடு சேர்ந்தே பல நாடுகளுக்குப் போயிற்று; 1979-இல் அரசுப் பரிசும் பெற்றது. மாஸ்கோ வானொலி பிற நாட்டாருக்கு ருஷ்யப் பாடம் ஒலிபரப்பியதும் உண்டு.

எனவே இயந்திரம் வேண்டுமா என்பது பழைய கேள்வி. அதற்கு விடையும் எப்போதோ கிடைத்துவிட்டது. வேண்டும்! ஆனால் அன்று ஒலித்தட்டு ஆசிரியரின் மேசையிலே இருந்தது. இன்று ஆசிரியரே ஒரு சன்னலாகச் சுருங்கி இயந்திரத்துக்குள் போய்விட்டார். மாறியது இதுதான்.

2020 கற்பித்த பாடம்

எப்படிச் சுருங்கினார்? 2020 மார்ச்சில் பெருந்தொற்று பரவியபோது, ருஷ்ய உயர்கல்வி அமைச்சகம் பல்கலைக்கழகங்களைத் தொலைவழிப் பாடத்துக்கு மாறச் சொன்னது. சில நாட்களில் வெளிநாட்டாருக்கு எல்லையும் மூடப்பட்டது. அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் ஆயத்த வகுப்பில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் ருஷ்ய மண்ணை மிதிக்காமலே ருஷ்ய மொழி கற்கத் தொடங்கினர்.

கடிகாரம் முதல் எதிரியாயிற்று. விளாதிவஸ்தோக் நகரில் காலை 9 மணி வகுப்பு என்றால் இந்தியாவில் விடிகாலை 4.30. மாஸ்கோவில் காலை 9 மணி என்றால் கொலம்பியா நாட்டுத் தலைநகரில் நள்ளிரவு ஒரு மணி. கண்ணைக் கசக்கிக்கொண்டு, மின்சாரம் நிற்காதிருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு, கைபேசியின் சிறு திரையில் ருஷ்ய இலக்கணம் படித்த பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். அவர்களுடைய உழைப்பைக் குறைத்துப் பேச நமக்கு உரிமையில்லை.

அதே வேளையில், அந்தக் கட்டாயத்திலே ஆசிரியர்கள் கற்றுக்கொண்டதும் ஏராளம். பாடங்களைச் சிறு சிறு ஒளிப்படங்களாகப் பதிவு செய்தார்கள். பயிற்சிகளைத் தாமே திருத்திக்கொள்ளும்படி அமைத்தார்கள். எந்த மாணவன் எந்த இடத்தில் தடுக்கி விழுகிறான் என்று இயந்திரம் எடுத்துக் காட்டியது. எல்லை திறந்த பிறகு இவற்றையெல்லாம் தூக்கி எறிவது மடமை. அதனால்தான் கலப்பு முறை வந்தது. வந்தது சரி. எது எங்கே நிற்கவேண்டும் என்பதைத்தான் இன்னும் தெளிவாக வகுக்கவில்லை.

திரைக்கு உரியது

முதலில் திரைக்கு உரியதைத் திரைக்குக் கொடுத்துவிடுவோம், கஞ்சத்தனம் வேண்டாம்.

ருஷ்ய எழுத்துகள் 33. அவற்றில் உயிர் 10, மெய் 21, தனி ஒலியில்லாத குறிகள் 2. இருநூற்று நாற்பத்தேழு எழுத்துப் பயின்ற தமிழனுக்கு இது ஒரு வாரத்து வேலை. இதற்கு ஒரு பேராசிரியர் பலகையின் முன் நிற்க வேண்டுவதில்லை, திரை போதும்.

சொற்கள். ருஷ்ய அரசின் மொழித் தேர்வு ஆறு படிகள் கொண்டது. முதற்படிக்கு 780 சொற்கள் என்றும், இரண்டாம் படிக்கு 1,300 என்றும், பல்கலைக்கழக வாசலைத் திறக்கும் மூன்றாம் படிக்கு 2,300 என்றும் அளவு வைத்திருக்கிறார்கள். ஒரு சொல்லை இன்று பார்த்து, நாளை பார்த்து, ஒரு வாரம் கழித்துப் பார்த்து, ஒரு மாதம் கழித்துப் பார்த்தால்தான் மனத்தில் தங்கும். எந்த மாணவனுக்கு எந்தச் சொல் எப்போது மறக்கும் என்று கணக்கு வைப்பது மனிதரால் ஆகாது. இயந்திரத்துக்கு அது விளையாட்டு.

வேற்றுமை. தமிழில் எட்டு, ருஷ்யத்தில் ஆறு. ஆனால் தமிழில் உருபு ஒன்றே எல்லாப் பெயர்க்கும் பொருந்தும். "ஐ" என்றால் மரத்தை, மாட்டை, மன்னனை. ருஷ்யத்திலோ பெயரின் பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்ப உருபு மாறும். முன்னால் நிற்கும் பெயரடையும் கூடவே மாறும். இதற்கு நூறு முறை, ஆயிரம் முறை பயிற்சி வேண்டும். ஆயிரமாவது முறையும் சலிக்காமல், முகம் சுளிக்காமல், "தவறு, மீண்டும் செய்" என்று சொல்ல இயந்திரத்தால்தான் முடியும். கூச்சமுள்ள பிள்ளை, பிறர் சிரிப்பார்களே என்ற அச்சமின்றி அங்கே தவறு செய்யலாம்.

அழுத்தம். ருஷ்யச் சொல்லில் அழுத்தம் எந்த அசையில் விழும் என்று எழுத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரே எழுத்துக்கள், முன்னே அழுத்தினால் "ஸாமக்", கோட்டை, பின்னே அழுத்தினால் "ஸமோக்", பூட்டு! அழுத்தம் விழாத ஓகாரம் அகரம் போல ஒலிக்கும்: "மொலொக்கோ" என்று எழுதிவிட்டு "மலக்கோ" என்று சொல்வார்கள், பொருள், பால். இதற்குக் காது பழகவேண்டும். ஒரே வாக்கியத்தை முப்பது முறை கேட்பதற்குத் திரையைவிடச் சிறந்த துணை இல்லை.

ஆசிரியருக்கு உரியது

கேட்டது சரி. சொன்னது சரியா? இங்கேதான் திரை தடுமாறத் தொடங்குகிறது.

தமிழிலே பல்லி வேறு, பள்ளி வேறு. கரி வேறு, கறி வேறு. நம் குழந்தை "பல்லிக்குப் போகிறேன்" என்றால் என்ன செய்கிறோம்? நாக்கை மடித்துக் காட்டுகிறோம்; குழந்தை நம் வாயைப் பார்க்கிறது; நாம் அதன் வாயைப் பார்க்கிறோம். ருஷ்யத்திலே மெய்யெழுத்துகளில் பெரும்பாலானவற்றுக்கு வன்மை, மென்மை என இரு வடிவம் உண்டு. "ப்ராத்" என்பதன் கடைசி ஒலியை வன்மையாகச் சொன்னால் சகோதரன். மென்மையாகச் சொன்னால் எடுத்துக்கொள்வது. வேறுபாடு நாவின் நடுப்பகுதி அண்ணத்தை நோக்கி எழுவதில் இருக்கிறது. ஒலிவாங்கியின் கரகரப்பிலும் இணையத்தின் இழுபறியிலும் முதலில் கரைந்துபோவது இந்த நுண்மைதான். இன்று ஒலியைச் சோதிக்கும் இயந்திரங்களும் வந்துவிட்டன. தவறு என்று அவை சொல்லும். எப்படி மாற்றுவது என்று, எதிரிலிருக்கும் பிள்ளையின் வாயைப் பார்த்துச் சொல்வது ஆசிரியர்.

அடுத்து, போகும் வினைகள். தமிழில் "போகிறேன்" என்றால் போதும். ருஷ்யத்தில் நடந்து போவதற்கு ஒரு வினை. வண்டியில் போவதற்கு வேறு வினை. ஒரே திசையில் இப்போது போவதற்கு "இத்தீ". அடிக்கடி போய்வருவதற்கு "ஹதீத்". இப்படி இரட்டை இரட்டையாகப் பதினான்கு இணைகள்! பட்டியலாகப் படித்தால் தலை சுற்றும். வகுப்பறையில் ஒருவனை எழுந்து கதவு வரை நடக்கச் சொல்லி, "அவன் என்ன செய்கிறான்?" என்று கேட்டு, அவன் திரும்பி வந்ததும் "எங்கே போய் வந்தான்?" என்று கேட்டால், உடம்பு கற்றுக்கொண்டதை வாய் மறக்காது.

மூன்றாவதாக, மரியாதை. நீ, நீங்கள் என்ற வேறுபாடு தமிழனுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. ருஷ்யத்திலும் அது உண்டு. ஆசிரியரையும் மூத்த மருத்துவரையும் பெயரோடு தந்தை பெயரும் சேர்த்து விளிப்பார்கள்: இவான் பெத்ரோவிச் என்றால் பியோத்தரின் மகன் இவான். ஆங்கில வழியில் வந்தவர்கள் இதைக் கண்டு விழிக்கலாம். தகப்பன் பெயரை முதலெழுத்தாகச் சுமக்கும் தமிழனுக்கு இது பழகிய வழக்கம். ஆனால் எப்போது "நீங்கள்" என்பதிலிருந்து "நீ" என்பதற்கு இறங்கலாம், யார் அதை முதலில் சொல்லவேண்டும் என்பதெல்லாம் மனிதரோடு பழகித்தான் தெரியும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. ஆயத்த வகுப்பிலே வியட்நாம் பெண், அராபியப் பையன், காங்கோ நாட்டு இளைஞன், இந்திய மாணவி என்று பத்துப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. உப்பு கேட்க வேண்டுமானாலும், உதவி கேட்க வேண்டுமானாலும், அரைகுறை ருஷ்யம்தான் எல்லோருக்கும் பொது. வகுப்பு முடிந்த பின்னும், விடுதியில், உணவகத்தில், பேருந்தில், மொழி அவர்களை விடாது. வீட்டிலிருந்து திரை வழியே படிப்பவனோ, வகுப்பு முடிந்ததும் ஒரு பொத்தானை அழுத்துகிறான். மறு நொடியே தாய்மொழிக்குத் திரும்பிவிடுகிறான். ருஷ்யம் அவனுக்கு ஒரு பாடம். அவர்களுக்கு அது அன்றாட வாழ்வு.

தமிழனுக்கு ஆங்கிலம் வழியாகவா?

இன்னொரு குறையையும் சொல்லியாக வேண்டும். இணையத்திலுள்ள ருஷ்யப் பாடங்களில் நம் பிள்ளைகள் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் ஆங்கில விளக்கத்தோடு கூடியவை. ஆங்கிலேயனுக்குக் கடினமாயிருப்பது தமிழனுக்கும் கடினம் என்று எண்ணி அவை எழுதப்பட்டிருக்கின்றன.

பாருங்கள் விந்தையை! "நான் மாணவன்" என்பதற்கு ருஷ்யத்தில் "யா ஸ்துதென்த்", அவ்வளவே. நடுவில் வினை இல்லை, தமிழிலும் இல்லை. ஆனால் ஆங்கிலப் பாடமோ, "இங்கே வினை காணாமற் போகிறது, கவனி!" என்று அரைப் பக்கம் எழுதுகிறது. "எனக்கு இருபது வயது", "எனக்குக் குளிர்கிறது", "எனக்குப் பிடிக்கிறது" - இவை மூன்றிலும் தமிழன் "எனக்கு" என்கிறான். ருஷ்யனும் மூன்றிலும் "ம்னே" என்கிறான்; அதன் பொருள் எனக்கு! ஆங்கிலத்துக்குள் நுழைந்து, "நான் குளிராயிருக்கிறேன்" என்று மாற்றி, பிறகு ருஷ்யத்துக்குத் திருப்புவது, பக்கத்து ஊருக்குப் போக இலண்டன் வழியாகப் பயணச்சீட்டு வாங்குவது போலல்லவா?

அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சிக் கழகம், ஆங்கிலம் பேசுவோர் ருஷ்யம் கற்க 44 வாரம், சுமார் 1,100 வகுப்பு மணி வேண்டும் என்று கணக்கிட்டிருக்கிறது. தமிழையும் அதே வரிசையில்தான் வைத்திருக்கிறது. இரண்டும் ஆங்கிலேயனுக்கு ஒரே அளவு கடினம்! திரை, தன் முன் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பாராமல், எல்லோருக்கும் ஒரே கஷாயம் ஊற்றுகிறது. எதிரே நிற்கும் ஆசிரியர், இந்தப் பிள்ளைக்கு எது எளிது, எது அரிது என்று ஒரு வாரத்தில் கண்டுகொள்வார். அல்லது தமிழிலேயே விளக்கம் எழுதி அந்தத் திரையில் ஏற்ற வேண்டும். ருஷ்ய மொழி கற்ற தமிழர்கள் செய்யவேண்டிய தொண்டு அது. இடம் காலியாகவே கிடக்கிறது.

எப்படிக் கலப்பது?

முறை கடினமானதல்ல. வகுப்புக்கு முன்னாள் மாலை, திரை. புதுச் சொற்கள் இருபது, அவற்றின் ஒலி, ஒரு சிறு உரையாடல், பத்து நிமிட இலக்கண விளக்கம், தானே திருத்திக்கொள்ளும் பயிற்சி. மாணவன் எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கட்டும். மறுநாள் வகுப்பு. அங்கே விரிவுரை கிடையாது. விரிவுரைதான் திரையில் முடிந்துவிட்டதே! வகுப்பில் பேச்சு, பேச்சு, மேலும் பேச்சு. பிறகு மீண்டும் திரை: வகுப்பில் தடுக்கி விழுந்த இடங்களுக்கு மட்டும் பயிற்சி.

மருத்துவ மாணவருக்கு இதை எப்படிப் பொருத்துவது? முதல் நாள் மாலை, உடலுறுப்புகளின் பெயர்களையும், வலியின் சொற்களையும், "ஷ்தோ வாஸ் பெஸ்பக்கோயித்?" - உங்களுக்கு என்ன தொந்தரவு - என்ற கேள்வியையும் திரையில் பயிலட்டும். மறுநாள் வகுப்பில் ஒருவர் நோயாளி, ஒருவர் மருத்துவர். நோயாளி சீட்டைப் பார்த்துப் படிக்கக்கூடாது, தன்னிஷ்டப்படி புலம்பவேண்டும், பாதியில் பேச்சை மாற்றவேண்டும், "என் மகன் ஊரிலிருந்து வரவில்லை" என்று கதையும் சொல்லவேண்டும். ஏனெனில் உண்மை நோயாளி அப்படித்தான் பேசுவார்! அதற்குப் பிறகு, ஆசிரியர் துணையோடு மருத்துவமனைக் கூடத்துக்கு. இந்த மூன்றில் எதை விட்டாலும் சங்கிலி அறுந்துபோகும்.

தண்ணீர் கலப்போர்

ஆனால் நடைமுறையில் அச்சம் தருவது வேறொன்று. நிர்வாகிகளின் கண்ணில் கலப்பு முறை என்பது செலவு குறைக்கும் முறையாகத் தெரியத் தொடங்கினால் என்ன ஆகும்? "பாதிப் பாடம் திரையில் நடக்கிறது, ஆகவே பாதி ஆசிரியர் போதும். பத்துப் பேர் இருந்த குழுவில் முப்பது பேரைப் போடலாம்." கணக்கு இனிக்கும், கல்வி கசக்கும். திரை மிச்சப்படுத்திய நேரம் மாணவனுடையது. அதை அவன் வாய் திறந்து பேசுவதற்குத் திருப்பித் தரவேண்டும். நிதிநிலை அறிக்கையின் மிச்சக் கணக்கில் எழுதினால் அது களவு.

"ஆராய்ச்சியே சொல்கிறதே, கலப்பு முறை சிறந்ததென்று!" என்பார்கள். சொல்கிறது, முழுதும் படித்துப் பார்ப்போம். அமெரிக்கக் கல்வித் துறை 2009-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 1996 முதல் 2008 வரை வந்த ஆய்வுகளைச் சலித்தெடுத்து, கலப்பு முறையில் பயின்றோர், நேர்வகுப்பில் மட்டும் பயின்றோரைவிட மேலாகத் தேறினர் என்று கண்டது. ஆனால் அதே அறிக்கை இன்னொன்றும் சொன்னது: கலப்பு முறையில் பயின்றோருக்குப் பல இடங்களில் கூடுதல் நேரமும் கூடுதல் பாடப்பொருளும் கிடைத்திருந்தன, எனவே வெற்றிக்குத் திரை ஒன்றே காரணம் என்று கொள்ளலாகாது. கூட்டினார்கள், வென்றார்கள். குறைத்துவிட்டு அந்த வெற்றியைச் சாட்சிக்கு அழைப்பது நேர்மையா?

சாவி யார் கையில்?

மற்றுமோர் எச்சரிக்கை. 2022 மார்ச்சில், உக்ரைன் போர் தொடங்கிய சில நாட்களில், கோர்செரா என்ற அமெரிக்க இணையக் கல்வி நிறுவனம் ருஷ்யப் பல்கலைக்கழகங்களின் பாடங்களை நிறுத்தி வைத்தது. அரசியல் நியாயத்தை இங்கே பேசவில்லை. பிறர் வீட்டுப் பரணில் தன் நெல்லைக் கொட்டி வைத்தவன் நிலை என்ன என்பதைத்தான் பார்க்கிறோம். சாவி அவர் கையில்! 2015-இலேயே எட்டுப் பல்கலைக்கழகங்கள் கூடித் "திறந்த கல்வி" என்ற சொந்த மேடையை ருஷ்யாவில் அமைத்திருந்தன. புஷ்கின் கழகமும் தனக்கென இணையப் பாடம் வைத்திருக்கிறது. அந்த முன்யோசனை கைகொடுத்தது. மாணவர் பக்கத்திலும் இதே பாடம்தான். இணையம் அறுந்தாலும் படிக்கும்படி, பாடத்தை இறக்கி வைத்துக்கொள்ள வழி இருக்கவேண்டும். அச்சுப் புத்தகமும் கையில் இருக்கவேண்டும்.

கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்

முடிவாக, பிள்ளையை ருஷ்யாவுக்கு அனுப்ப எண்ணும் பெற்றோர்க்கும், போக நினைக்கும் மாணவர்க்கும் சில சொற்கள். முகவர் வண்ணப் படங்களைக் காட்டுவார், விடுதியைக் காட்டுவார், இந்திய உணவு கிடைக்கும் என்பார். நீங்கள் கேட்கவேண்டியவை வேறு. முதல் மூன்றாண்டில் ருஷ்ய மொழிக்கு வாரத்துக்கு எத்தனை மணி? அவற்றில் ஆசிரியர் எதிரில் எத்தனை, திரையில் எத்தனை? ஒரு குழுவில் எத்தனை பேர்? பேச்சுத் தேர்வு நேரில் நடக்கிறதா? மருத்துவமனைக்குள் நுழையுமுன் நோயாளியோடு பேசும் பயிற்சி உண்டா? இந்த ஐந்து கேள்விக்கும் எழுத்தில் விடை வாங்குங்கள். "எல்லாம் ஆங்கிலத்தில்தான், கவலை வேண்டாம்" என்று சொல்பவரிடம் கட்டாயம் கவலைப்படுங்கள்.

புறப்படுமுன் இருக்கும் மாதங்களையும் வீணாக்க வேண்டாம். எழுத்தையும் முதல் 780 சொற்களையும் திரையிலேயே வீட்டில் கற்றுவிடலாம், அதற்குத்தான் திரை. சென்னையில் இருப்போர் ஆழ்வார்ப்பேட்டை ருஷ்ய இல்லத்தின் வகுப்புகளை விசாரிக்கலாம். வாயைத் திருத்த ஓர் ஆசிரியர் இங்கேயே கிடைப்பார்.

கல்வி நடத்துவோர்க்கும் ஒரு சொல். திரையை வையுங்கள், இன்னும் பெரிதாக, இன்னும் தெளிவாக வையுங்கள். அது மிச்சப்படுத்தும் ஒவ்வொரு மணியையும் வகுப்பறையில் பேச்சுக்குச் செலவிடுங்கள். குழு பத்துப் பேரைத் தாண்டாமல் பாருங்கள். அப்படிச் செய்தால், "கோலெத்" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டும் மூதாட்டியிடம், "எந்த இடத்தில் அம்மா? எப்போதிலிருந்து?" என்று அவள் மொழியிலேயே கேட்கத் தெரிந்த மருத்துவர் ஒருவர் கிடைப்பார். அந்த இரண்டு கேள்விகளைக் கேட்கத் தெரிந்தவர், அவளுக்கும் நல்ல மருத்துவர். பின்னொரு நாள் ஊர் திரும்பினால், நமக்கும் நல்ல மருத்துவர்.